எந்த ஃபீச்சர் முதலில்? குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்கும் முறை

மளிகைக் கடைகளுக்கான பில்லிங் ஆப் ஒன்றை ஆறு பேர் சேர்ந்து செய்கிறோம். போன ரிலீஸுக்கு முன் பட்டியலில் 34 வேலைகள், கையில் ஆறு வாரம். எதை முதலில் எடுப்பது என்று பேசியே இரண்டு மீட்டிங் போய்விட்டது. கடைசியில் எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது இதுதான்.

1. ஒரு சீட்டுக்கு ஒரு வேலை. கடைக்காரர் பேசுகிற மாதிரி எழுதுங்கள். ‘பிரிண்டர் மாட்யூல்’ வேண்டாம். ‘நெட் போனாலும் பில் அடிக்கணும்’.

2. சுவரில் நான்கு பத்திகள்: கட்டாயம், முக்கியம், முடிந்தால், இந்த முறை இல்லை. 1994-இல் சாஃப்ட்வேர் நிபுணர் டாய் கிளெக் வகுத்த மாஸ்கோ முறை இது (ஊர் அல்ல; Must, Should, Could, Won't என்பதன் சுருக்கம் MoSCoW).

3. சீட்டுகளைப் பிரிப்பது. நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். 34-இல் 27 சீட்டு ‘கட்டாயம்’ பத்தியில் போய் ஒட்டிக்கொண்டது. சீனியர் ஒருவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். அதனால் பேசாமல் அவரவர் தாளில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டச் சொன்னோம். ‘கடன் நோட்டு’ சீட்டுக்கு ஐந்து பேர் ‘முடிந்தால்’ என்று எழுதியிருந்தார்கள். சப்போர்ட்டுக்குக் கடை கடையாகப் போகும் பெண் மட்டும் ‘கட்டாயம்’. ஏன் என்று கேட்டோம். “அண்ணா, கடன் கணக்குக்குத் தனி நோட்டு போடச் சொன்னா, பில்லையும் அதுலயே எழுதிட்டு ஆப்பை மூடி வச்சிடுவாங்க” என்றாள். சீட்டு அப்போதே இடம் மாறியது.

அப்புறம் ஒவ்வொரு ‘கட்டாயம்’ சீட்டுக்கும் ஒரே கேள்வி: இது இல்லாமல் திங்கட்கிழமை கடையில் பில் போட முடியுமா? முடியும் என்றால் அடுத்த பத்திக்குத் தள்ளுங்கள். வாட்ஸப் பில், டார்க் தீம் எல்லாம் இப்படித்தான் இறங்கின. 27 என்பது 11 ஆனது. கட்டாய வேலைகள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மாஸ்கோவைப் பின்பற்றும் டிஎஸ்டிஎம் (DSDM) என்ற புராஜெக்ட் நடத்தும் முறையின் வழிகாட்டி சொல்வது. சீட்டுகளை எண்ணாதீர்கள், ஆள்-நாளை (ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை) கூட்டிப் பாருங்கள்.

4. ஒரே பத்திக்குள் போட்டி வந்தால் ரைஸ் கணக்கு (RICE: Reach, Impact, Confidence, Effort): எத்தனை பேருக்கு × எவ்வளவு பயன் × எவ்வளவு உறுதி ÷ உழைப்பு. கணக்கு போடும் விதத்தைக் காட்ட மட்டும், வெவ்வேறு பத்தியில் இருந்த இரண்டு சீட்டு. கடன் நோட்டு: 40 கடை × 3 × 0.8 ÷ 2 ஆள்-வாரம் = 48. வாட்ஸப் பில்: 40 × 1 × 0.5 ÷ 1 = 20. வித்தியாசம் இரண்டு மூன்று புள்ளிதான் என்றால் கணக்கை விட்டுவிட்டுப் பேசி முடிவெடுங்கள்.

சுவரும் சீட்டும்தான் என் தேர்வு. முடிவானதும் ட்ரெல்லோ என்ற ஆன்லைன் சீட்டுப் பலகையில் ஏற்றிக்கொள்ளலாம். ஆறு பேருக்கு ஜிரா மாதிரி பெரிய வேலை நிர்வாக மென்பொருள் அதிகம்.

பின்சேர்க்கை: வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எப்படிச் செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் சாட்டில் பதிலை டைப் செய்து வைத்துக்கொண்டு, ‘மூணு’ என்றதும் அனுப்புங்கள். நடுவில் புது வேலை வந்தால்? அதே அளவு உழைப்புள்ள ஒரு சீட்டைச் சுவரிலிருந்து எடுத்த பிறகே புதியதை ஒட்டுங்கள். எதை எடுப்பது என்பதை வேலையைக் கொண்டுவந்தவரே சொல்லட்டும்.