பச்சைப் புள்ளி பொய் சொல்கிறதா? சாட் செயலியில் ‘ஆன்லைன்’ காட்டும் முறை

நான் எழுதிய சாட் செயலியில் ஒரு நண்பரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. அவருடைய போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அதைச் சரிசெய்த வழி இது. நோட்.ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் கருவி) ஒரு வெப்சாக்கெட் சர்வர் (இணைப்பைத் திறந்தே வைத்து இரு பக்கமும் செய்தி அனுப்ப உதவுவது) ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

சாக்கெட்.ஐஓ என்ற லைப்ரரி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் கற்றுக்கொள்ள ‘டபிள்யூஎஸ்’ லைப்ரரிதான் என் தேர்வு, உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 1: இணைப்பு வந்ததும் பயனரின் பெயரில் அதைக் குறித்து வையுங்கள். ஒருவருக்கு ஒரே இணைப்பு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு டேப் திறந்தவர் ஒன்றை மூடினாலே ஆஃப்லைன் ஆகிவிடுவார். கடைசி இணைப்பும் போனால்தான் புள்ளி அணைய வேண்டும்.

படி 2: நான் மாட்டிக்கொண்ட இடம். இணைப்பு அறுந்தால் ‘குளோஸ்’ நிகழ்வு வரும் என்று நம்பியிருந்தேன். வராது. சட்டென்று அணையும் போன் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சர்வரைப் பொறுத்தவரை இணைப்பு அப்படியே இருக்கிறது. சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இயங்குதளமே சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸில் அதை இயக்கினாலும், இயல்பு அமைப்பில் முதல் சோதனைக்கே 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் காத்திருக்கும்.

அதனால் நாமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 30 விநாடிக்கு ஒருமுறை எல்லா இணைப்புகளையும் சுற்றி வாருங்கள். ‘உயிருடன்’ என்ற குறி பொய்யாக இருந்தால் துண்டியுங்கள். மெய்யாக இருந்தால் அதைப் பொய்யாக்கிவிட்டு பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். அதற்குப் பதிலான பாங் வந்ததும் மறுபடி மெய். இந்த வரிசை முக்கியம். நான் முதலில் பிங் அனுப்பிய அடுத்த வரியிலேயே குறியைச் சோதித்தேன். பாங் வந்துசேர நேரமே இல்லை, எல்லாரும் ஒரே நொடியில் வெளியே! துண்டிக்கும்போது ‘குளோஸ்’ வேண்டாம், ‘டெர்மினேட்’ போடுங்கள். குளோஸ் எதிர்முனையின் பதிலுக்காகக் காத்திருக்கும். செத்த இணைப்பு என்ன பதில் சொல்லும்?

பாங் அனுப்ப பிரவுசர் பக்கம் எதுவும் எழுத வேண்டாம், பிரவுசரே அனுப்பிவிடும். அங்கே டைமர் வைத்து ‘இருக்கிறேன்’ என்று அவ்வப்போது துடிப்பு அனுப்பும் முறை எனக்குப் பிடிக்காது. மறைந்து கிடக்கும் டேப்பின் டைமர்களைக் குரோம் நிமிடத்துக்கு ஒருமுறை வரை மெதுவாக்கிவிடும்.

படி 3: சர்வர் ஒன்றுக்கு மேல் என்றால், எல்லா சர்வர்களும் பகிர்ந்துகொள்ளும் தரவுக் கிடங்காக ரெடிஸ். பாங் வரும்போதெல்லாம் அந்த இணைப்புக்கான சாவியை 70 விநாடி ஆயுளுடன் புதுப்பியுங்கள். துடிப்பு நின்றால் அது தானே மறையும்.

படி 4: இணைப்பு உயிரோடு இருப்பதும் ஆள் திரை முன்னால் இருப்பதும் வேறு வேறு. டேப் மறைந்தால் ‘வெளியே’ என்று காட்டுங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ என்பதைப் பயனரே போட்டுக்கொள்ளட்டும், ஊகிக்க வேண்டாம். சாட்டுக்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறையிலும் இவை தனித்தனி நிலைகள்தான்.

பின்சேர்க்கை: நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் அறுந்துபோகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். தன் சர்வருக்கு முன்னால், இணைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் வைத்திருந்தார், பிங் இடைவெளி 90 விநாடி. என்ஜின்எக்ஸோ 60 விநாடி சத்தமில்லை என்றால் இயல்பாகவே இணைப்பை மூடிவிடும். 30-க்கு இறக்கியதும் சரியானது. லிஃப்டில் ஏறி இறங்கினால் புள்ளி மினுக்குகிறது என்றார் இன்னொருவர். ஆஃப்லைன் என்று அறிவிக்கும் முன் 15 விநாடி பொறுங்கள். அதற்குள் திரும்பி வந்துவிட்டால் யாருக்கும் எதையும் சொல்லத் தேவையில்லை.