ஃபெஸ் பழைய நகரில் முதல் 2 நாள்: தொலையாமல் சுற்றுவது எப்படி?

மொராக்கோவின் ஃபெஸ் நகருக்கு முதுகுப்பையோடு முதன்முறை போகிறவர்களுக்கு இது. ஃபெஸ் எல் பாலி என்கிற பழைய நகருக்குள் கார் நுழையாது. சந்துகள் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் என்பார்கள், நான் எண்ணவில்லை. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைபேசி மேப்பின் நீலப் புள்ளி தாவிக்கொண்டே இருக்கும். அங்கே கைகொடுப்பது தரையின் சரிவுதான்.

1. வந்து இறங்கியதும்

செலவுக்கான திர்ஹமை (மொராக்கோ பணம்) அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும், ஏடிஎம் போதும். சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நிறச் சின்ன டாக்ஸியில் ஏறியதும் மீட்டர் போடச் சொல்லிவிட்டு, "பாப் பூ ஜலூத்" என்றால் நகர வாசலில் விடுவார்கள். தங்கும் விடுதியிலிருந்து யாரையாவது வாசலுக்கு அனுப்பச் சொல்லி முன்பே செய்தி போட்டுவிடுங்கள். நான் வீம்புக்குத் தனியாகத் தேடினேன். முக்கால் மணி நேரத்தில் ஒரே ரொட்டி அடுப்பை மூன்று முறை கடந்தேன். அது தெருவுக்கே பொதுவான அடுப்பு. வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணி போர்த்திக் கொண்டுவருவார்கள். மூன்றாம் முறை அடுப்புக்காரரே சிரித்துவிட்டார்.

2. சரிவைப் பிடியுங்கள்

முக்கியமான படி இதுதான். பழைய நகரம் ஒரு கிண்ணம் மாதிரி. மேற்கு விளிம்பில் பாப் பூ ஜலூத் வாசல். 1913-இல் கட்டியது, வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு. அதற்குள் நுழைந்தால் இரண்டு பெரிய தெருக்கள் கீழே இறங்கும்: தாலா கபீரா, தாலா ஸகீரா. 'தாலா' என்றாலே ஏற்றம். காலையில் கபீராவில் இறங்குங்கள். தொடக்கத்திலேயே 14-ஆம் நூற்றாண்டின் பூ இனானியா மதரஸா, உள்ளே போகலாம். தேவதாரு மரச் செதுக்கலையும் சுதையையும் நின்று பாருங்கள். அப்புறம் இறங்கிக்கொண்டே போனால் மசாலா வாசனை வரும், அத்தாரீன் கடைத்தெரு. பக்கத்திலேயே கராவியின் மசூதி. 859-இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாக மரபு. முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலில் நின்றுதான் எட்டிப் பார்க்க முடியும்.

வழி தவறிவிட்டதா? கீழே இறங்கினால் ரஸீஃப் சதுக்கத்துப் பக்கம் போவீர்கள். அங்கே டாக்ஸி கிடைக்கும். தாலா தெருவைப் பிடித்து மேலே ஏறினால் நீல வாசல். குறுகலான சந்துகளை மட்டும் நம்பாதீர்கள், பல முட்டுச்சந்துகள்.

3. "பாலக்!" என்றால் ஒதுங்குங்கள்

பின்னால் கழுதையோ கோவேறு கழுதையோ வருகிறது என்று அர்த்தம். திரும்பிப் பார்க்க நிற்காதீர்கள், சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கழுதை சுமந்த கேஸ் சிலிண்டரின் விளிம்பு என் முழங்கையை உரசிவிட்டுத்தான் போனது.

4. "இந்த வழி மூடியிருக்கு"

நிறையப் பேர் இப்படிச் சொல்லி வேறு பக்கம் இழுப்பார்கள். பெரும்பாலும் மூடியிருக்காது. "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சிரித்தபடி நடையைக் கட்டுங்கள். என்னை ஒரு பையன் தோல் பதனிடும் இடத்துக்குக் கூட்டிப்போய்க் காசு கேட்டான். போகும்முன் பேசாதது என் தப்பு. உரிமம் பெற்ற வழிகாட்டியை விடுதி மூலம் அரை நாளுக்குப் பேசிக்கொள்வது நல்லது.

5. ஷுவாரா தோல் தொட்டிகள்

தோல் கடைகளின் மொட்டைமாடியிலிருந்துதான் பார்க்க வேண்டும். நாற்றத்துக்கு முகர்ந்துகொள்ளக் கையில் புதினாக் கொத்து கொடுப்பார்கள்; வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும், தோலை மென்மையாக்க. மற்றவற்றில் சாயம். தொடை வரை இறங்கி ஆட்கள் தோலை மிதிக்கிறார்கள். மாடி ஏறியதற்காகப் பை வாங்கியே தீர வேண்டியதில்லை, சிறு தொகை கொடுத்தால் போதும்.

6. சாப்பாடு

காலையில் பிஸ்ஸாரா: காய்ந்த பெரிய அவரைப் பருப்பை மசித்த சூப், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும். சைவக்காரர்களுக்கு வயிறு நிறையும். வெள்ளிக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், முதல் நாளை அன்றைக்கு வைக்காதீர்கள்.

7. இரண்டாம் நாள் மாலை

வடக்குக் குன்றில் இருக்கும் மரீனிய அரச வம்சத்தின் கல்லறைகளுக்கு ஏறுங்கள். முழுக் கிண்ணமும் தெரியும். நடுவில் கராவியினின் பச்சைக் கூரையைக் கண்டுபிடித்தால், காலையில் நடந்த தெருவைக் கண்ணாலேயே இழுத்துப் பார்க்கலாம். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள், இல்லையென்றால் டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.