மொட்டைமாடியில் வால்வரின்: தடைக்காலத்தில் ஒரு சுமாரான படத்தைப் பார்க்கும் முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மாடியில் படம் போட இதைவிடத் தோதான காலம் கிடையாது. எக்ஸ்-மென் என்ற ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படங்களை வரிசையாகப் போடத் தொடங்குபவர்கள் இடறி விழும் இடம், 2009-இல் வந்த ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வால்வரின்’.

கதை 1845-இல் தொடங்குகிறதே, வருட வரிசைப்படி இதையே முதலில் போடலாம் என்று தோன்றும். அங்கேதான் தப்பு. வால்வரின் என்கிற லோகன் யார், அவன் எலும்பில் உலோகம் எப்படி ஏறியது என்ற புதிர்தான் 2000, 2003 படங்களின் உயிர். முன்கதையை முதலில் பார்த்தால் அந்த இரண்டும் சப்பென்று ஆகிவிடும். ஆகவே அவை முதலில், பிறகு இது. முதல் படத்தில் சேபர்டூத் என்ற வில்லனுக்கும் லோகனுக்கும் உறவு என்ற பேச்சே இருக்காது. இதிலோ இருவரும் அண்ணன் தம்பி. யாராவது கேட்டால் விளக்கம் தேடாதீர்கள், படத்திலும் இல்லை.

கச்சான் காற்றுதான் மாடியில் முதல் எதிரி. தென்மேற்கிலிருந்து அடிப்பதால், மாடிப்படி அறையின் வடக்கு அல்லது கிழக்குச் சுவர் மறைவாக இருக்கும். வெள்ளையடித்த சுவரானால் துணியே வேண்டாம். துணிதான் என்றால் பின்னால் பழைய வலையை இழுத்துக் கட்டுங்கள். துணி பாய் மாதிரி உப்பாது. கீழ் விளிம்பை மடித்துத் தைத்து, மணல் நிரப்பிய பிவிசி குழாயைச் செருகினால் ஆட்டமும் அடங்கும். படம் 8 அடி அகலம் வர, த்ரோ விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 உள்ள ப்ரொஜெக்டரை 12 அடி தள்ளி வைக்க வேண்டும். இது அகலத்திரைப் படம், உயரம் மூன்றேகால் அடியைக் கொஞ்சம்தான் தாண்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தால் நீட்டிச் சரிசெய்யப் போகாதீர்கள், ஆட்கள் ஒல்லியாக நீண்டுவிடுவார்கள்.

ஏசி அறையிலிருந்து எடுத்த ப்ரொஜெக்டரை உடனே போட்டால் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். ‘விவிட்’ பயன்முறை வேண்டாம். ‘சினிமா’ வைத்து ஷார்ப்னஸைக் குறையுங்கள். காரணம் குளியலறைக் காட்சி. லோகன் கைமுட்டியிலிருந்து நீளும் புது உலோக நகங்களை உரசிப் பார்ப்பான்; கணினியில் வரைந்த அந்த நகங்களில் அறையின் வெளிச்சமே படியாது, கையோடு ஒட்டாமல் மிதக்கும். கூர்மையைக் கூட்டினால் அது அப்பட்டமாகத் தெரியும்.

கைமாறிய பென் டிரைவில் கிராபிக்ஸ் பாதியில் நிற்கும் நகல் இருந்தால், அது வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே இணையத்தில் கசிந்த, வேலை முடியாத பிரதி. தூக்கிப் போடுங்கள். முறையாகச் சந்தா கட்டி எடுத்தாலும் அது வீட்டாருக்கு மட்டும்தான். ஊர்த்திடலில் போடத் தனி உரிமை வாங்க வேண்டும்.

மொத்தம் 107 நிமிடம். நான்கு போர்களை ஒரே ஓட்டத்தில் காட்டும் டைட்டில் பகுதியைத் தவறவிட வேண்டாம், படத்திலேயே உருப்படியானது அதுதான். உலோகம் ஏற்றிய தொட்டியிலிருந்து அவன் தப்பி அருவியில் குதிக்கும் இடத்தில் இடைவேளை விடுங்கள். டீ, வறுத்த நெத்திலி எல்லாம் அப்போதே. அதன் பிறகு சுருதி இறங்கும். அவன் சாகப்போவதில்லை, நினைவைத்தான் இழப்பான் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரியுமே! அதற்காக அவன் எலும்பில் ஏறிய அதே உலோகமான அடமான்டியத்தில் குண்டு ஒன்றைக் கண்டுபிடித்து நெற்றியில் சுடுகிறார்கள். வாய் ஓயாத வேட் வில்சனின், அதாவது டெட்பூலின், வாயைத் தைத்தது இன்னும் மோசம். அந்த வேடத்தில் ரயன் ரெய்னால்ட்ஸை வைத்துக்கொண்டு யாராவது அப்படிச் செய்வார்களா? ஆனாலும் தாண்டிவிடாதீர்கள். 2016, 2018 ‘டெட்பூல்’ படங்கள் இதைக் கேலி செய்வது புரிய இது தேவை. அவற்றைப் பிள்ளைகள் தூங்கிய பின் போடுங்கள்.

எழுத்து ஓடி முடியும்வரை அணைக்க வேண்டாம், கடைசியில் ஒரு துண்டுக் காட்சி உண்டு. பிறகு விசிறி தானாக நின்றதும் பிளக்கைப் பிடுங்கி, லென்ஸில் படிந்த உப்புப் பிசுக்கை முதலில் காற்று ஊதும் ரப்பர் பல்பால் ஊதிவிட்டு, அப்புறம் மென்துணியால் ஒற்றியெடுங்கள். நேரே தேய்த்தால் உப்பு கீறிவிடும்.