தொலைக்காட்சியின் புள்ளி இரைச்சலை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உருவாக்கும் முறை

சிக்னல் கிடைக்காத பழைய அனலாக் தொலைக்காட்சியில், கறுப்பும் வெள்ளையுமாகப் பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் தெரியும். அந்தக் காட்சியை உங்கள் வீடியோவில் கொண்டுவர ஆயத்தக் கிளிப் எதையும் தேட வேண்டியதில்லை. வீடியோவில் காட்சி எஃபெக்டுகளைச் சேர்க்க உதவும் மென்பொருளான அடோபி ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே உருவாக்கிவிடலாம். சிக்னல் இல்லாதபோது தொலைக்காட்சிப் பெட்டி தன் சுற்றுகளில் எழும் வெப்ப இரைச்சலையும், ஆன்டெனாவில் வந்து விழும் சிதறிய ரேடியோ அலைகளையும் பெருக்கித் திரையில் காட்டியது; பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சுக்கும் அதில் சிறு பங்கு உண்டு. திரையில் படம் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக வரையப்பட்டதால், புள்ளிகள் கிடைவாக்கில் சற்றே இழுபட்டுத் தெரிந்தன. இந்த இழுபடலைக் கவனிக்காமல் விட்டால் எஃபெக்ட் செயற்கையாகவே இருக்கும்.

முதலில் 480 x 360 அளவில், விநாடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில், 10 விநாடி நீளமுள்ள ஒரு கம்போசிஷனை (லேயர்களை அடுக்கிக் காட்சியை அமைக்கும் களத்தை) உருவாக்குங்கள். இவ்வளவு சிறிய அளவு எதற்கு என்று தோன்றலாம். 1080 வரி கொண்ட கம்போசிஷனில் நேரடியாக இரைச்சலைச் சேர்த்தால் புள்ளிகள் மாவைத் தூவியதுபோல் மிக நுண்மையாகிவிடும். பழைய பெட்டியின் புள்ளிகளோ கண்ணால் எண்ணக்கூடிய அளவில் பருமனாக இருந்தன.

அடுத்து, நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒரு சாலிட் லேயரை (ஒரே நிறம் நிரம்பிய அடுக்கை) சேர்த்து, எஃபெக்ட் மெனுவில் ‘நாய்ஸ் அண்ட் கிரெயின்’ பிரிவிலுள்ள ‘நாய்ஸ்’ எஃபெக்டை அதன்மேல் இடுங்கள். அளவை 100 சதவீதமாக்கி, ‘யூஸ் கலர் நாய்ஸ்’ என்பதிலுள்ள குறியை நீக்குங்கள். புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் தாமாகவே மாறும் என்பதால் கீஃப்ரேம் (ஓர் அமைப்பின் மதிப்பைக் குறிப்பிட்ட நேரத்தில் பதியும் குறி) தேவையில்லை.

இனி ‘ஃபாஸ்ட் பாக்ஸ் பிளர்’ எஃபெக்டைச் சேர்த்து, திசையைக் கிடைமட்டம் மட்டும் என வைத்து, ஆரத்தை 1 வரை உயர்த்துங்கள். படம் சாம்பல் பூத்ததுபோல் மங்கும். அதனால் ‘லெவல்ஸ்’ எஃபெக்டை இதற்குக் கீழே சேர்த்து, உள்ளீட்டுக் கறுப்பை 60 அளவிலும் வெள்ளையை 190 அளவிலும் வைத்துப் பாருங்கள். இந்த வரிசை முக்கியம்: லெவல்ஸ் முதலில் வந்தால், கூட்டிய கான்ட்ராஸ்டை அடுத்து வரும் பிளர் மறுபடியும் மங்கச் செய்துவிடும். திரையை 400 சதவீதம் பெரிதாக்கி, பேஜ் டவுன் விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகருங்கள். புள்ளிகள் சிறு கீற்றுகளாகத் தெரிந்தால் சரியாக வந்துவிட்டது.

இந்தக் கம்போசிஷனை 1920 x 1080 அளவுள்ள புதிய கம்போசிஷனுக்குள் வைத்து 300 சதவீதம் பெரிதாக்கினால், 1440 x 1080 அளவில் பழைய 4:3 திரை வடிவம் கிடைக்கும். அதன்மேல் ஒரு கறுப்பு சாலிடை வைத்து, ‘வெனிஷியன் பிளைண்ட்ஸ்’ எஃபெக்டில் நிறைவு 50 சதவீதம், திசை 90 பாகை, அகலம் 6 எனக் கொடுத்து, லேயரின் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 20 சதவீதமாகக் குறைத்தால் திரைக்கோடுகள் தோன்றும்.

வேறொரு காட்சியின் மேல் இரைச்சலைக் கலக்க, இரைச்சல் லேயரின் பிளெண்டிங் மோடை (கீழுள்ள லேயருடன் கலக்கும் முறையை) ‘ஸ்கிரீன்’ ஆக்கி, ஒப்பாசிட்டிக்குக் கீஃப்ரேம் இடுங்கள். சிக்னல் அறுபடும் இடத்தில் மெதுவாக ஏற்றி இறக்குவதைவிட, 4 முதல் 6 ஃபிரேம்களுக்குச் சட்டென்று தோன்றி மறைவதே நம்பும்படியாக இருக்கும். ஆனால் ஒளி விட்டுவிட்டு மின்னுவது ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒளியால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர்களுக்கு அது ஆபத்தானது. ‘உஸ்’ என்னும் வெள்ளை இரைச்சல் ஒலியும் அதே ஃபிரேமில் தொடங்கி, அதே ஃபிரேமில் அறுபட வேண்டும்.

ஏற்றுமதி செய்யும்போதுதான் பலருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கிடையே மாறாத பகுதிகளைக் கொண்டுதான் எச்.264 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) கோப்பின் அளவைக் குறைக்கிறது. இரைச்சலிலோ மாறாத பகுதி என்று எதுவுமே இல்லை. ஆகவே பிட்ரேட் (ஒரு விநாடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவு) குறைவாக இருந்தால் புள்ளிகள் கரைந்து சதுரக் கட்டங்களாகிவிடும். 1080 அளவுக்கு விநாடிக்கு 40 மெகாபிட் வைத்து ஏற்றுமதி செய்து பாருங்கள்; அப்போதும் கட்டங்கள் தெரிந்தால், பிட்ரேட்டை இன்னும் உயர்த்துவதற்கு முன் லெவல்ஸில் கான்ட்ராஸ்டைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.