செவியாவில் மூன்று ராத்திரி, கோர்தோபாவில் ஒரு ராத்திரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலைந்து நாள் லீவில் ஸ்பெயின் போகலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது தெற்கே அந்தலூசியாவைத்தான். செவியாவில் மூன்று ராத்திரி, பக்கத்தில் கோர்தோபாவில் ஒரு ராத்திரி. இரண்டு ஊருக்கும் நடுவே வேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான். இவ்வளவு பக்கம் என்பதாலேயே பலர் கோர்தோபாவைக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடும் ஊராக நினைத்துவிடுகிறார்கள். தங்குகிறவர்களும் அந்த ஒரு ராத்திரியை எந்தக் கிழமையில், பயணத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று யோசிக்காமல் ரூம் போட்டுவிடுகிறார்கள். முதல் தடவை நாங்களும் அதைத்தான் செய்தோம்.

நாங்கள் தங்கியது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. வார இறுதிக் கூட்டம் கிளம்பியிருக்கும், ரூம் வாடகையும் குறைவு, நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. ஆனால் கோர்தோபாவின் உயிரான மெஸ்கித்தா, ஒரு காலத்தில் பெரிய மசூதி, இன்று ஒரு கத்தீட்ரல். ஞாயிறு காலை பூசை உண்டு, அதனால் நடுப்பகலில் சில மணி நேரம் பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை. சரி, மறுநாள் மற்றதைப் பார்க்கலாம் என்றால் திங்கட்கிழமை. கிறிஸ்தவ அரசர்களின் அல்காசர் என்ற கோட்டை அரண்மனை, 1315-இல் கட்டிய சின்ன யூதத் தொழுகைக்கூடம், பன்னிரண்டு முற்றங்கள் கொண்ட வியானா அரண்மனை, ஊருக்கு வெளியே மெதினா அசஹாரா என்ற பழைய அரண்மனை நகரத்தின் இடிபாடுகள் எல்லாமே திங்களன்று விடுமுறை. ஆக, செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் வருகிற மாதிரி அந்த ராத்திரியை வையுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் கிழமையைப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை.

அடுத்தது, அந்த ராத்திரியைச் செவியா நாட்களுக்கு நடுவே செருகுவது. அப்படிச் செய்தால் இரண்டு ஊரிலும் ரூமுக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் எல்லாப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப இழுத்துவர வேண்டும். மத்ரீத் வழியாக வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே வேண்டாம். 1992-இல் திறந்த மத்ரீத்–செவியா வேக ரயில் பாதை கோர்தோபா வழியாகத்தான் போகிறது. மத்ரீத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கோர்தோபாவில் இறங்கி, அங்கே தூங்கி, மறுநாள் சாயங்காலம் செவியாவுக்கு ரயில் ஏறினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. டிக்கெட்டை மட்டும் இரண்டாகப் பிரித்து எடுங்கள். நம்மூரில் நீண்ட தூர டிக்கெட்டில் வழியில் இறங்கிப் பிறகு தொடர்வது மாதிரி இங்கே முடியாது, டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கும் அந்த ஒரு சீட்டுக்கும்தான். விமானம் இறங்கிய இரண்டு மணி நேரத்தில் ரயில் என்று வைக்காதீர்கள். பராஹாஸ் விமான நிலையத்தில் குடிவரவு வரிசை, பெட்டி வருவது, பிறகு அத்தோச்சா ஸ்டேஷன் போவது, அங்கே பெட்டியை ஸ்கேன் செய்வது என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். நாலு மணி நேரமாவது விடுங்கள்.

செவியாவிலேயே இறங்கி அங்கிருந்தே திரும்புகிறவர்களுக்கு நடுவில் வைப்பதைத் தவிர வழியில்லாமல் போகலாம். அப்போது திரும்பி வந்தும் அதே ஓட்டலில் தங்குகிற மாதிரி இரண்டு துண்டாக புக் செய்யுங்கள். பெரிய பெட்டியை வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முதுகுப்பை ஒன்று போதும். ஆனால் பாஸ்போர்ட்டைப் பத்திரம் என்று நினைத்துப் பெரிய பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். ஸ்பெயினில் தங்குகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் ஓட்டல்கள் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம், அதனால் கோர்தோபா ஓட்டல் வாசலிலும் பாஸ்போர்ட் கேட்பார்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குக் கொடுக்கும் பயணத் திட்டத்திலும் இந்த ஒரு ராத்திரியை விட்டுவிடாமல் காட்டுங்கள்.

நேரக் கணக்கு நம்மவர்களைத் தவறாமல் ஏமாற்றும். வெயில் என்றால் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, நாலு மணிக்கு இறங்கிவிடும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. ஸ்பெயின் 1940-லிருந்து மத்திய ஐரோப்பாவின் கடிகாரத்தை வைத்திருக்கிறது, நாடு இருப்பதோ அதற்கு வெகு மேற்கே. அதனால் கோடையில் செவியாவில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் இரண்டரை வாக்கில். வெயில் உச்சத்தைத் தொடுவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. ஜூனில் சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகும். நாலு மணிக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்புகிறவர்கள் நேராக அடுப்புக்குள் போகிறார்கள். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் என்ன என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 14 அன்று கோர்தோபா மாகாணத்தில் லா ரம்ப்லா என்ற ஊரில் பதிவானது 47.6 டிகிரி. ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் விட்டுவிடுங்கள். பள்ளி விடுமுறை காரணமாக வேறு வழியே இல்லையென்றால் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை, பிறகு ராத்திரி எட்டுக்கு மேல், இதற்கு நடுவே ஏசி ரூம்.

கோர்தோபாவில் ஒரு ராத்திரி தங்கச் சொல்வதற்குக் காரணமே இந்தக் காலையும் ராத்திரியும்தான். பகல் கூட்டம் பதினொரு மணிக்கு வந்து ஆறு மணி ரயிலுக்குத் திரும்பிவிடும். நீங்களும் அவர்களோடு பதினொரு மணிக்கு வந்து, மறுநாள் காலை டிபன் முடிந்ததும் கிளம்பினால் ராத்திரிக்குக் கொடுத்த வாடகை வீண். முதல் நாள் மாலை வாருங்கள். இருட்டியதும் ரோமானியப் பாலத்தைக் கடந்து கலாஹோர்ரா கோபுரத்தின் பக்கம் நின்று திரும்பிப் பாருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விளக்கொளியில் மெஸ்கித்தாவின் நீண்ட சுவரும் அதற்கு மேலே கத்தீட்ரலும் தெரியும். மறுநாள் காலை எட்டரைக்கு மெஸ்கித்தா வாசலில் இருங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை அனுமதி இலவசம், ஆனால் காசு மிச்சம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை, சுற்றுலாக் குழுக்கள் இல்லாமல் அந்தத் தூண்களுக்கு நடுவே நடக்கக் கிடைக்கும் ஒரு மணி நேரம் அது.

நடக்கும்போது அவசரப்படாதீர்கள். முற்றத்திலிருந்து நுழைந்ததும் நீங்கள் நிற்பது கோர்தோபாவை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் தொடங்கிய மிகப் பழைய பகுதி. பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்த தூண்கள். ஒன்று போல் இன்னொன்று இருக்காது, உயரமும் போதாது. கூரையை உயர்த்துவதற்காக ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்தார்கள். படங்களில் பார்க்கும் அந்தச் சிவப்பு வெள்ளை இரட்டை வளைவுகள் அப்படி வந்தவை, சிவப்பு செங்கல், வெள்ளை கல். நேராகத் தெற்கே நடந்தால் பத்தாம் நூற்றாண்டு மிஹ்ராபின், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தின், தங்க மொசைக். இடது பக்கம் அல்மன்சூர் என்ற அமைச்சர் பின்னால் சேர்த்த பகுதியில் வளைவுகளை உற்றுப் பார்த்தால் அங்கே செங்கல் இல்லை, சிவப்பு வெறும் வண்ணப் பூச்சு. நடுவில் 1523-இல் தொடங்கி எண்பது வருடங்களுக்கு மேல் கட்டிய கத்தீட்ரல். இதையெல்லாம் இருபது நிமிஷத்தில் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஒன்பதரைக்கு முன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். போதவில்லை என்று தோன்றினால் டிக்கெட் எடுத்து இன்னொரு முறை போங்கள், நான் போனேன்.

செவியாவில் செய்யும் பெரிய தவறு, அந்த ஊரின் அல்காசர் அரண்மனைக்கு அங்கே போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பது. நேரம் குறித்த டிக்கெட், முன்கூட்டியே தீர்ந்துவிடும். அரண்மனையின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள், இடைத்தரகர் தளங்களில் விலை கூடும். கத்தீட்ரல் கோபுரமான ஹிரால்டாவைப் பார்த்து முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம், உள்ளே படிக்கட்டுக்குப் பதிலாக 35 சாய்தளங்கள். குதிரையில் ஏறிப் போகிற மாதிரி அன்று கட்டியது. சாந்தா குரூஸ் பகுதிக்குள் ரூம் எடுத்தால் டாக்ஸி பல சந்துகளில் நுழையாது, கல் பாவிய தெருவில் பெட்டியை உருட்ட வேண்டும். புனித வாரத்திலும் ஏப்ரல் திருவிழாவிலும் வாடகை எகிறும், தெருக்களை அடைப்பார்கள். அந்தத் திருவிழாவுக்கென்றே போகிறவர்கள் போகலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஏழு மணிக்கு டின்னர் தேடினால் பயணிகளுக்கென்று திறந்திருக்கும் கடைகள்தான் கிடைக்கும். மதியச் சாப்பாடு இரண்டு மணி வாக்கில், ராத்திரி எட்டரைக்கு மேல். சைவம் சாப்பிடுகிறவர்கள் "சின் கார்னே", அதாவது கறி வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் போதாது, பன்றித் தொடைக்கறித் துண்டும் சூரை மீனும் வந்து சேரும். மிக்ஸ்தா சாலட்டில் சூரை இருக்கும், காய்கறி என்று பெயர் போட்ட சாண்ட்விச்சிலும் இருக்கலாம். கோர்தோபாவின் சல்மொரேஹோ தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த கூழ். ஆனால் மேலே முட்டையும் ஹமோன் என்கிற பன்றித் தொடைக்கறியும் தூவித்தான் தருவார்கள். "சின் ஹமோன், சின் பெஸ்காதோ", அதாவது ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். செவியாவில் சீரகம் போட்டுச் செய்யும் பசலைக்கீரை கொண்டைக்கடலையும், கோர்தோபாவில் கரும்புப் பாகு ஊற்றிய கத்திரிக்காய் வறுவலும் நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். தெருவோர ஆரஞ்சுகளைப் பறித்துத் தின்ன வேண்டாம், கசக்கும்.

கடைசியாக, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கிரனாதா ஊரையும் அங்கே உள்ள அல்ஹம்ப்ரா கோட்டையையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். அல்ஹம்ப்ராவுக்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் டிக்கெட்டில் போட்ட நேரத்தில்தான் போக முடியும், அந்த டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்காக ஓடினால் கோர்தோபாவின் அந்தக் காலை நேரம்தான் முதலில் பறிபோகும். கிரனாதாவுக்கு இன்னொரு பயணத்தில் இரண்டு ராத்திரி வையுங்கள்.