மதுரையில் வீடு வாங்க ஏரியாக்களை ஒப்பிடுவது எப்படி? நாங்கள் போட்ட கணக்கு

ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு பார்த்தோம். திருநகர், திருமங்கலம், ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை என்று ஒரு பக்கம் பாக்கியில்லை. எந்தப் புரோக்கரைக் கேட்டாலும் "சென்ட் இவ்வளவும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு எண்ணை நம்பி திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். பேங்க்கில் போய் உட்கார்ந்தபோதுதான் கையில் கிட்டத்தட்ட மூணு லட்சம் துண்டு விழுவது தெரிந்தது. அந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதற்குள் என் வீட்டுக்காரர் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் சரிபார்த்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே பேசப்போவது கட்டுப்படியாகுமா என்ற கணக்கு மட்டும். கீழே வருவது நாங்கள் பார்த்த இரண்டு வீடுகளின் விலை. அதையே அந்த ஏரியாவின் விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 1: எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றுங்கள்

நம் ஊரில் சென்ட், சென்னையில் கிரவுண்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 கிரவுண்ட் 2,400 சதுர அடி. அடுக்குமாடி என்றால் புரோக்கர் சொல்லும் மொத்த அளவை விட்டுவிட்டு, உள்ளே கால் வைத்து நடக்கும் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, யுடிஎஸ் என்கிற பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். இவ்வளவுதான், இதில் நேரம் போக வேண்டியதில்லை.

படி 2: வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள்

பதிவுக்காக அரசு தெருவாரியாக நிர்ணயித்திருக்கும் நில விலைதான் இது. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மண்டலம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தெரு என்று வரிசையாகக் கேட்கும். பலர் கிராமத்தின் பெயரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நாம் "அந்த நகர், இந்த நகர்" என்று கூப்பிடும் பெயர் அங்கே பெரும்பாலும் இருக்காது. வருவாய்க் கிராமத்தின் பெயர் வேண்டும். விற்பவரிடம் பத்திர நகல் வாங்கி, சொத்து விவரம் எழுதியிருக்கும் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். கிராமமும் சர்வே எண்ணும் அதில் இருக்கும். தெருப் பெயர் கிடைக்காவிட்டால் சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள்.

இதைப் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் பத்திரத்தில் இதைவிடக் குறைவான தொகையைப் போட்டாலும் கட்டணத்தை இந்த மதிப்புக்குத்தான் கேட்பார்கள். முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக மொத்தம் 9%. பழைய கட்டுரைகளில் 11% என்று பார்த்துக் குழம்பாதீர்கள். பதிவுக் கட்டணம் 4% ஆக இருந்தபோது எழுதியவை அவை. 2023இல் அதை 2% ஆக்கினார்கள், கூடவே வழிகாட்டி மதிப்பையும் ஏற்றினார்கள்.

படி 3: கைப்பணம் எவ்வளவு? (நாங்கள் இடறியது இங்கேதான்)

திருமங்கலம் பக்கம் பார்த்த வீடு 34 லட்சம். நாங்கள் போட்ட கணக்கு: 30 லட்சம் கடன், 4 லட்சம் கையிலிருந்து, பதிவுக்கு 3.06 லட்சம். மொத்தம் 7.06 லட்சம் இருந்தால் போதும். நகை, சீட்டு, மாமனார் கொடுத்தது எல்லாம் சேர்த்து எட்டு லட்சம் வைத்திருந்தோம். தெம்பாகத்தான் போனோம்.

பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்து, டேப் பிடித்து அளந்து, மேல்தளத்தில் கம்பி வெளியே தெரிந்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவர் போட்ட மதிப்பு 29 லட்சம். பேங்க் கடன் கணக்கிடுவது விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90%, 30க்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதற்கும் மேலே போனால் 75%. அந்த மதிப்பில் பதிவுச் செலவைச் சேர்க்கவும் மாட்டார்கள். ஆக எங்களுக்குக் கிடைக்கக்கூடிய கடன் 26.1 லட்சம். கையிலிருந்து போட வேண்டியது 7.9 லட்சமும் பதிவுக்கான 3.06 லட்சமும் சேர்ந்து 10.96 லட்சம்.

இதே முறையில் திருநகர் வீட்டுக்குப் போட்டோம். விலை 46 லட்சம், மதிப்பீடு 44 லட்சம், கடன் 35.2 லட்சம். கைப்பணம் 10.8 லட்சம், பதிவுக்கு 4.14 லட்சம், மொத்தம் 14.94 லட்சம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பேங்க்கின் வேல்யூவரை அழைத்து வந்து காட்டுங்கள். கட்டணம் ஆகும், ஆகட்டும். அது முடியாவிட்டால், பேங்க் குறைவாக மதிப்பிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். நாங்கள் வாய்ப்பேச்சை நம்பினோம்.

படி 4: மாதக் கணக்கு

ஈஎம்ஐ ஆப் எதையும் போனில் ஏற்றாதீர்கள், நம்பர் கொடுத்த மறுநாளே கடன் ஏஜெண்ட்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கூகுள் ஷீட்ஸ் போதும். மனக்கணக்குக்கு ஒன்றே ஒன்று: 8.5% வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். வட்டி வேறாக இருந்தால் ஷீட்டில் மாதத் தவணையைச் சொல்லும் பிஎம்டி (PMT) ஃபார்முலா போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டியை 12ஆல் வகுத்துப் போட வேண்டும், அதை மறந்தால் எண் எங்கேயோ போய்விடும்.

திருநகர் ஈஎம்ஐ 30,554, திருமங்கலம் 22,655. வித்தியாசம் கிட்டத்தட்ட 7,900 ரூபாய். இதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், இன்னும் நாலு செலவைச் சேருங்கள்.

பெட்ரோல்: எங்கள் இருவருக்குமே வேலை மதுரைக்குள். திருமங்கலத்திலிருந்து போக வர 40 கிலோமீட்டர். மாதம் 25 நாள், வண்டி லிட்டருக்கு 45 கொடுத்து, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு வண்டிக்கு 2,200. இரண்டு வண்டிக்கு 4,400. திருநகரிலிருந்து இரண்டுக்கும் சேர்த்து 1,200.

தண்ணீர்: திருமங்கலம் வீட்டின் சமையலறைக் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா மூன்று குடத்தை வாசலில் வரிசையாக வைத்துக் காத்திருந்தார். "போர் தண்ணி குளிக்கத்தான் கண்ணு. குடிக்கவும் சமைக்கவும் கேன்தான்" என்றார். மாதம் 1,200 என்று எழுதிக்கொண்டேன். எந்த ஏரியா என்றாலும் விற்பவரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

திருமங்கலத்தில் பள்ளி வேன் கூடுதலாக 1,500. திருநகரில் மாநகராட்சி வீட்டு வரிக்கு மாதம் 300 கூடுதலாகப் போட்டேன். 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது திருநகரும் உள்ளே வந்துவிட்டது.

கூட்டினால் திருமங்கலம் 29,755, திருநகர் 32,054. 7,900 ஆக இருந்த வித்தியாசம் 2,300க்கு வந்து நின்றது. தினமும் ஒன்றரை மணி நேரம் ரோட்டில் போவதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எனக்கு அந்த நேரம் 2,300 ரூபாயைவிடப் பெரியது. இருவரில் ஒருவருக்கு திருமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள கப்பலூரில் வேலை என்றால் இதே கணக்கு தலைகீழாகும். அதனால்தான் "எந்த ஏரியா நல்லது" என்று யார் கேட்டாலும் "வேலை எங்கே" என்று கேட்கிறேன்.

படி 5: வேறு ஊரோடு ஒப்பிட

கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன் 66 லட்சத்துக்கு வீடு பார்த்தபோது வீட்டில் எல்லாரும் மலைத்தோம். வீட்டு விலையைக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். அவர்கள் வீட்டில் மாதம் 1.2 லட்சம், வருடத்துக்கு 14.4 லட்சம். 66ஐ அதால் வகுத்தால் 4.6. எங்களுக்கு மாதம் 75,000, வருடத்துக்கு 9 லட்சம், 46 லட்சம் வீட்டுக்கு 5.1. இருபது லட்சம் கூடுதல் விலை கொடுத்தும் அவருக்குத்தான் பாரம் குறைவு. ஊர் மாறுகிறவர்கள் போகிற ஊரின் சம்பளத்தைப் போடுங்கள், இப்போதைய சம்பளத்தை அல்ல.

சேர்க்கை 1: கருத்துப் பகுதியில் ஒருவர், வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைப் போலப் பல மடங்கு காட்டுகிறது என்று பதறியிருந்தார். அந்தத் தளத்தில் மதிப்பு இரண்டு விதமாக வரும், ஒன்று சதுர அடிக்கு, இன்னொன்று சதுர மீட்டருக்கு. அவர் பார்த்தது மீட்டர். 10.764ஆல் வகுத்ததும் சரியாகிவிட்டது.

சேர்க்கை 2: "பத்திரத்தில் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் மிச்சம்தானே?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். செய்யாதீர்கள். பேங்க் கடன் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் வரும், கைப்பணம் இன்னும் ஏறும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே வரும். நாளை நீங்கள் விற்கும்போது லாபமும் பெரிதாகத் தெரிந்து வரி கூடும்.

சேர்க்கை 3: மனை மட்டும் வாங்கும் தோழிகளுக்கு: 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும். படி 3இல் 9%க்குப் பதில் 8% போட்டுக்கொள்ளுங்கள்.