பழைய ஆங்கிலப் புத்தகத்தின் முகப்பு அடிவரியைப் படிப்பது எப்படி?

பழைய ஆங்கிலப் புத்தகத்தின் ஸ்கேன் பிரதியைத் திறந்ததும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவிடாதீர்கள். முகப்பின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு மூன்று வரி இருக்கும். அச்சடித்தவர் யார், பணம் போட்டவர் யார், எந்தக் கடையில் விற்றார்கள் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) முதன்முதலில் வந்த 1609ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்தே பார்ப்போம்.

படி 1: வரியை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள்

"அட் லண்டன், பை ஜி. எல்ட் ஃபார் டி. டி. அண்ட் ஆர் டு பி சோல்ட் பை வில்லியம் ஆஸ்ப்லி." எழுத்துக்கூட்டல் விநோதமாக இருந்தாலும் திருத்த வேண்டாம். அப்போது 'ஜே' வர வேண்டிய இடத்தில் 'ஐ' எழுத்தையே கோப்பார்கள். 1604ஆம் ஆண்டு ஹாம்லெட்டில் வரும் 'ஐ. ஆர்.' ஜேம்ஸ் ராபர்ட்ஸ்தான்.

படி 2: சின்னச் சொற்களைப் பிடியுங்கள்

பெயரைவிட அதற்கு முன்னால் வரும் சொல்தான் முக்கியம். 'பை' என்றால் அச்சடித்தவர்: ஜார்ஜ் எல்ட். 'ஃபார்' என்றால் யாருக்காக அச்சடித்தார்களோ அவர், அதாவது முதல் போட்டவர்: தாமஸ் தோர்ப். 'சோல்ட் பை' என்றால் விற்றவர். இதில் ஓர் அழகு உண்டு. இதே பதிப்பின் வேறு பிரதிகளில் ஆஸ்ப்லிக்குப் பதில் ஜான் ரைட் என்று இருக்கும். உடனே இரண்டாம் பதிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பதிப்பு ஒன்றுதான். இரண்டு கடைக்காரர்கள் விற்றதால் முகப்பில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

படி 3: முகவரி

அன்றைய லண்டனில் கதவு எண் கிடையாது. கடைக்கு வெளியே தொங்கும் படப்பலகையோ பக்கத்துத் தேவாலயமோதான் அடையாளம். ஹாம்லெட்டில் "என். எல்.லுக்காக ஐ. ஆர். அச்சிட்டது, ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்துக்குக் கீழே உள்ள அவர் கடையில் கிடைக்கும்" என்ற பொருளில் இருக்கும். யார் கடை? பணம் போட்ட நிக்கோலஸ் லிங் கடை. அச்சகம் இருந்த இடம் என்று இதை எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு.

படி 4: கடைசிப் பக்கத்தையும் பாருங்கள்

ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பாக 1623இல் வந்த 'முதல் ஃபோலியோ'வின் முகப்பு, ஐசக் ஜாகர்டும் எட்வர்ட் பிளவுன்ட்டும் அச்சடித்ததாகச் சொல்கிறது. பிளவுன்ட் அச்சுக்காரரே அல்ல, புத்தக வியாபாரி. கடைசிப் பக்கத்துக்குப் போனால் செலவை ஏற்ற நான்கு பேரின் பட்டியல் இருக்கிறது. அதில் நம் ஆஸ்ப்லியும் ஒருவர்!

படி 5: ஆண்டைச் சந்தேகியுங்கள்

வில்லியம் ஜாகர்டின் அச்சகத்தில் 1619இல் அச்சான சில நாடகங்களில் 1600 என்றும் 1608 என்றும் பழைய ஆண்டைப் போட்டுவிட்டார்கள். முகப்பை மட்டும் பார்த்தால் பிடிபடாது. வெவ்வேறு ஆண்டு போட்ட பிரதிகளில் ஒரே நீர்க்குறிகள் (தாள் செய்யும்போதே அதில் பதியும் மங்கலான அடையாளங்கள்) கொண்ட தாள்கள் இருப்பதைக் கவனித்து, 1908இல் பழைய நூல்களை ஆராய்ந்த அறிஞர் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் இதை வெளிக்கொண்டுவந்தார். ஸ்கேனில் நீர்க்குறி சரியாகத் தெரியாது. வாய்ப்புக் கிடைத்தால் நூலகத்தில் அசல் பிரதியைக் கேட்டு, தாளை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள்.